பில் கேளுங்கள், கொப்பியில் எழுதுங்கள்: வாசகர் வரிக் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி நெல்லைப் பற்றியவை. அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் நேரம் அல்லவா. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கண்டாவளை வாசகர்: 10 ஏக்கர் பெரும்போகம் செய்து 24 இலட்சத்துக்கு நெல் விற்றேன். விவசாயிக்கு வரி இல்லை என்கிறார் ஒருவர். 18 இலட்சம் தாண்டினால் வரி என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

இருவருமே அரைகுறை. விளைச்சலை அப்படியே விற்ற இலாபத்துக்கு விலக்கு இருந்தது உண்மை. 2019 ஏப்ரல் முதல் 5 வருடத்துக்கென்றே அது வந்தது, காலமும் முடிந்துவிட்டது. 18 இலட்சம் என்பது 2025 ஏப்ரலிலிருந்து தனிநபருக்குள்ள வருட விடுதொகை, அதாவது வரி இல்லாத பகுதி. அதை இலாபத்தோடுதான் ஒப்பிட வேண்டும், நெல் விற்றுக் கைக்கு வந்த காசோடு அல்ல. உழவு, விதைநெல், பசளை, மருந்து, வெட்டு மெசின், கூலி எல்லாம் 12 இலட்சம் என்றால் மிச்சம் 12. சிறுபோகமும் வேறு வருமானமும் சேர்ந்து 18 ஐத் தாண்டாவிட்டால் வரி இல்லை.

ஆனால் கடைசி வரியில் "செலவுக்குப் பில் ஒன்றும் இல்லை" என்று சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்த 12 இலட்சம் செலவை எதைக் காட்டிக் கழிப்பீர்கள்? வன்னி முழுக்க இதே கதைதான். லொறி வரம்போரம் வந்து நிற்கும். மூட்டை தராசில் ஏறும். வியாபாரி சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்து நிறை, கழிவு, விலை என்று மூன்று எண்களை எழுதி நீட்டுவார். பெயர் இல்லை, திகதி இல்லை. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறீர்கள். மறுநாள் சட்டை தோய்க்கப் போகிறது, கணக்கும் அதோடு போகிறது.

ஒரு கொப்பி வாங்குங்கள். திகதி, லொறி இலக்கம், வியாபாரியின் தொலைபேசி இலக்கம், கிலோ, விலை ஆகியவற்றை எழுதி அந்த இடத்திலேயே அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். முடிந்தால் காசை வங்கியில் போடச் சொல்லுங்கள். கூலிக்குப் பில் வராது, தெரியும். பெயர், நாள், தொகை எழுதி வேலையாளிடமும் ஒரு கையெழுத்து வாங்கினால் போதும். பசளைக் கடையில் பில் கேட்க வெட்கப்படாதீர்கள். எல்லாவற்றையும் 5 வருடம் வைத்திருங்கள். அடுத்த போகத்துக்குக் கடன் கேட்டுப் போனாலும் இந்தக் கொப்பி உதவும்.

முல்லைத்தீவு: கனடாவில் இருக்கும் அண்ணன் மாதாமாதம் அனுப்பும் காசுக்கு வரி உண்டா?

இல்லை, அது அன்பளிப்பு. வங்கி வழியாக வரட்டும், சீட்டை வையுங்கள். வங்கிக்கு வெளியே ஆள்வழி அனுப்பும் உண்டியல் வேண்டாம்.

வவுனியா: நிலையான வைப்பு வட்டி வருடம் 6 இலட்சம். வேறு வருமானம் இல்லை. வங்கி 10 வீதம் பிடிக்கிறது.

மொத்த வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவு என்ற சுயபிரகடனத்தை ரின் (வரி செலுத்துநர் அடையாள) இலக்கத்தோடு வங்கியில் கொடுங்கள், பிடிக்க மாட்டார்கள். ஏற்கெனவே பிடித்ததை, வருட வருமானக் கணக்கைக் காட்டும் விபரத்திரட்டை இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பித்தான் திருப்பிக் கேட்க வேண்டும்.

மாங்குளம்: எனக்கு எவ்வளவு வரி வரும்?

கடிதம் அவ்வளவுதான். தொழில் என்ன, இலாபம் எவ்வளவு, ஒன்றுமில்லை. சாத்திரம் பார்க்கிறவரிடம் கேட்க வேண்டியதை என்னிடம் கேட்கிறீர்கள். சரி, இலாபம் 30 இலட்சம் என்று வைப்போம். 18 போக மிச்சம் 12. முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்த 2 இலட்சத்துக்கு 18 வீதம். ஏறக்குறைய ஒரு இலட்சம் வரும். மார்ச் 31 உடன் முடியும் வருடத்துக்கான விபரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30. 29 ஆம் திகதி பையோடு வந்து நிற்காதீர்கள்.

புதுக்குடியிருப்பு புடவைக்கடை: வேலை செய்யும் 4 பிள்ளைகளும் "சேமலாப நிதி வேண்டாம், சம்பளத்தை முழுசாகத் தாங்கோ" என்கிறார்கள். கடிதம் வாங்கி வைத்தால் போதுமா?

போதாது. அந்தக் கடிதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. ஒருவர் வேலை செய்தாலும், முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். அவர்களிடம் 8 வீதம், உங்களிடம் 12, ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு உங்கள் பங்கு இன்னும் 3. அந்த 15 ஐயும் சம்பளத்தில் வெட்டலாமா என்று அடுத்த கடிதம் போடாதீர்கள், வெட்டக்கூடாது. பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வரை ஏறும்.

கிளிநொச்சி இரும்புக்கடை: பில்லில் 18 வீதம் வற் (பெறுமதி சேர் வரி) போடலாமா? பக்கத்துக் கடையில் போடுகிறார்கள்.

வற் பதிவு இருக்கிறதா? எழுதவில்லை. இல்லாவிட்டால் போடக்கூடாது, அது குற்றம். பக்கத்துக் கடைக்காரர் பதிந்தவராக இருக்கலாம். பதிவுக்கு விற்பனைத் தொகையைப் பார்ப்பார்கள், இலாபத்தை அல்ல. வருடம் 8 கோடியாக இருந்த எல்லையை 2024 ஜனவரியில் 6 கோடிக்கு இறக்கினார்கள். இன்னும் இறக்கக்கூடிய விஷயம் இது. ஆகவே காலாண்டுக்கு ஒருமுறை விற்பனையைக் கூட்டி, அப்போதைய எல்லையோடு ஒப்பிடுங்கள். கூட்டுவதற்குக் கொப்பி வேண்டும், மறுபடியும் சொல்கிறேன்.

மல்லாவி: தொடர்பாடல் நிலையத்தில் ரின் எடுத்தேன். மின்னஞ்சல் கடைக்காரருடையது, கடவுச்சொல்லும் அவரிடம். இப்போது கடையைப் பூட்டிவிட்டார்.

இப்படி எழுதுகிறவர் நீங்கள் மட்டும் அல்ல. ஏரிஎம் அட்டையின் இரகசிய இலக்கத்தை அவரிடம் கொடுப்பீர்களா? இறைவரித் திணைக்களத்தின் 1944 க்கு அழைத்து விபரம் கேளுங்கள். பிறகு அடையாள அட்டையோடு அவர்கள் அலுவலகத்துக்கு நேரில் போய், உங்கள் சொந்தத் தொலைபேசி இலக்கத்தையும் மின்னஞ்சலையும் பதிவில் மாற்றச் சொல்லுங்கள். மின்னஞ்சல் இல்லையென்றால் மகளிடம் சொல்லி ஒன்று திறந்துவிட்டுப் போங்கள்.