பழைய டென்டை மாற்றலாமா? முதலில் பையை அவிழ்த்து முகர்ந்து பாருங்கள்

எட்டு வருடமாக மலையேற்றத்துக்குக் கூடவே வரும் டென்ட், இதுவரை ஏமாற்றியதில்லை, ஆனால் 3 கிலோ கனக்கிறது. 1 கிலோவில் வருகிற புது வகைக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நாளாக இந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்திருக்கும் பதில்கள் எல்லாம் கிராம் கணக்கு. அந்த டென்ட் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என்னிடமும் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 2025 ஜூனில் மணாலிக்கு மேலே ஒரு ராத்திரி முழுக்க ஈரத்தில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

உங்களுக்கு முப்பத்தைந்து வயது தாண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். இறக்கத்தில் முட்டி வலிக்க ஆரம்பித்திருக்கும். கூட வருகிற பையன்கள் சின்னப் பையை மாட்டிக்கொண்டு முன்னால் போய், வளைவில் நின்று உங்களுக்காகக் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு எப்படி உறுத்தும் என்று எனக்குத் தெரியும். அதனால் எடையைப் பற்றிக் கேட்டது தப்பு என்று சொல்ல வரவில்லை.

என் டென்ட் 2014ல் வாங்கியது. இருவர் படுக்கலாம், உள்ளே வலை, மேலே மழைத்துணி என்று இரண்டு அடுக்கு, இரண்டு கம்பி குறுக்கே வளைத்தால் தானே நிற்கும். தெருமுனை மளிகைக் கடைத் தராசில் வைத்தபோது 2,850 கிராம். அண்ணாச்சி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

நடுவில் ஒன்று. திருநெல்வேலிக்காரன் என்றதும் முண்டந்துறைக் காட்டுக்குள் டென்ட் போட்ட கதை வரும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் நம் இஷ்டத்துக்குப் போய்த் தங்க முடியாது, தங்கவும் கூடாது. பொதிகையைப் பார்த்து வளர்ந்தவன் டென்டைத் தூக்கிக்கொண்டு இமயமலைக்கு ரயில் ஏற வேண்டியிருக்கிறது. அதில் எனக்குக் குறை இல்லை. காடு காடாக இருக்கட்டும்.

ஆனால் நான் முதன்முதலில் ஒரு கூரைக்குக் கீழே காட்டில் தூங்கியது அங்கேதான். காரையார் சொரிமுத்து அய்யனார் கோயில், ஆடி அமாவாசை. அப்போதெல்லாம் குடும்பத்தோடு போய்க் குடில் போட்டு ஒரு வாரம், பத்து நாள் என்று தங்குவார்கள். இப்போது சில நாட்களுக்குத்தான் அனுமதி. எங்கள் அப்பா இரண்டு மூங்கில், ஒரு தார்ப்பாய், ஒரு கட்டுக் கயிறு, இவ்வளவுதான் கொண்டுபோவார். காற்று வருகிற பக்கம் தார்ப்பாயைத் தரையோடு தாழ்த்திக் கட்டுவார். எதிர்ப்பக்கத்தை உயர்த்தி வாசல் விடுவார். மேட்டுப் பக்கமாக ஒரு விரல்கடை ஆழத்துக்குச் சின்ன வாய்க்கால் வெட்டுவார். ஆடிச் சாரல் ராத்திரி முழுக்க மேலே விழும், ஆற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், எங்கள் மேல் ஒரு சொட்டு படாது. இன்றைக்கு 1 கிலோ டென்ட் என்று விற்கிறார்களே, மலையில் ஊன்றி நடக்கிற நடைக்கோல் இரண்டை நட்டு ஒற்றைத் துணியை இழுத்துக் கட்டுவது, அது அப்பா போட்ட குடில்தான். துணி மாறியிருக்கிறது, வேலை மாறவில்லை. அது நிற்பதும் விழுவதும் கட்டுகிறவர் கையில்தான் இருக்கிறது.

துணி என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியைத் தாமிரபரணி ஆற்றிலேயே அவிழ்த்து விட்டுவிட்டு வருகிறார்கள். வேட்டி, சேலை, உள்ளாடை எல்லாம் பாறை இடுக்கில் சிக்கி அழுகிக் கிடக்கிறது. பாதித் துணி செயற்கை நூல், மக்கவே மக்காது. தன்னார்வமாக வருகிற பிள்ளைகள் டன் கணக்கில் அள்ளுகிறார்கள். அடுத்த அமாவாசைக்குத் திரும்பவும் அதே குவியல். அந்தத் தண்ணீரைத்தான் கீழே தூத்துக்குடி வரைக்கும் குடிக்கிறோம். எந்த அய்யனும் இதைக் கேட்டிருக்க மாட்டான். பக்தியைக் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நானும் அதே படித்துறையில் முழுகுகிறவன். கட்டிய துணியை வீட்டுக்கு எடுத்து வந்து துவைத்தால் பாவம் திரும்பி வந்துவிடாது. சரி, டென்டுக்கு வருகிறேன்.

அந்த 2,850 கிராமை நான் ஏன் அவ்வளவு நம்பினேன் என்றால், 2023 டிசம்பர் 17. தென் மாவட்டத்துக்காரர்களுக்குத் தேதியைச் சொன்னாலே போதும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீடு சிந்துபூந்துறையில், ஆற்றுக்குப் பக்கம். கரண்ட் இல்லை, போன் இல்லை. திங்கள்கிழமை தண்ணீர் வாசல்படி ஏறி, அப்புறம் கட்டில் ஏறியது. எல்லாரும் தட்டட்டிக்கு ஏறிவிட்டோம். தட்டட்டி என்றால் மொட்டை மாடி. மேலே இருந்தது மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு பீரோ வைக்கிற அளவு மூடிய இடம். அதில் அப்பா, அம்மா, நான், தங்கை. அடுத்த வீட்டு ஆச்சிக்கும் தங்கை மகளுக்கும் இடம் இல்லை.

அப்போதுதான் டென்ட் ஞாபகம் வந்தது. மார்பளவு தண்ணீரில் இறங்கி, பரணில் இருந்து எடுத்து வந்தேன். சிமெண்டுத் தரையில் முளை அடிக்க முடியாது. ஆனால் அது தானே நிற்கிற டென்ட். நான்கு மூலையிலும் துளசித் தொட்டியையும் செங்கல்லையும் வைத்துக் கட்டினேன். ஆச்சி வாசலில் குனிந்து பார்த்துவிட்டு, “ஏல, இதுக்குள்ள மனுசன் எப்படிப் படுப்பான்?” என்றாள். அப்புறம் பிள்ளையை அணைத்துக்கொண்டு உள்ளே போனவள் விடியும் வரை வெளியே வரவில்லை. இரண்டு ராத்திரி. உள்ளே அவள் சேலை நனையவில்லை. ஒற்றைத் துணி நடைக்கோல் டென்டை அன்றைக்கு அந்தத் தரையில் நிறுத்தப் பெரும்பாடு பட்டிருப்பேன். அதை இப்போதும் சொல்வேன்.

அந்தப் பெருமைதான் பின்னால் என் கண்ணை மறைத்தது. வெள்ளம் வடிந்த பிறகு சேறு அள்ளவே பத்து நாளானது. டென்டை அரை ஈரமாகச் சுருட்டிப் பையில் அடைத்துப் பரணில் போட்டுவிட்டேன். சித்திரை, வைகாசியில் எங்கள் ஊர்ப் பரண் எப்படிக் கொதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதில் ஒரு கோடை போனது, ஒரு மழைக்காலம் போனது, அடுத்த கோடையும் வந்தது. மணாலிக்குக் கிளம்பும்போது பையோடு தூக்கிக்கொண்டு போனேன். விரித்தே பார்க்கவில்லை.

மணாலியில் இருந்து பியாஸ் குண்ட் என்கிற ஏரிக்குப் போகிற வழியில் பக்கர்தாச் என்று ஒரு புல்வெளி, 3,000 மீட்டருக்கு மேலே. சாயங்காலம் அங்கே டென்டைப் பிரித்தபோது புளித்துப்போன வாந்தி வாடை அடித்தது. மழைத்துணியின் உட்பக்கம் ஈரமான பலாச்சுளை மாதிரி விரலில் ஒட்டியது. மடிப்புகளைப் பிரிக்கும்போது சர்ரென்று ஒரு சத்தம், பாலேடு மாதிரி ஏதோ உரிந்து வந்தது. தையல் மேல் ஒட்டியிருந்த பட்டை நூல் நூலாகத் தொங்கியது. பயண அழுக்கு என்று நினைத்துக் கட்டிவிட்டேன். எட்டு மணிக்கு மழை பிடித்தது. ஒன்பதரைக்குத் தரையில் கையை வைத்தால் கை நனைந்தது. கொஞ்ச நேரத்தில் மேலிருந்தும் சொட்ட ஆரம்பித்தது. தூக்கப் பையைப் பிளாஸ்டிக் கவரில் திணித்து, இருந்த சட்டை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு, பையின் மேல் குந்தி உட்கார்ந்து விடிய வைத்தேன். மழை மட்டும்தான், பனி விழவில்லை. விழுந்திருந்தால் இதை எழுத இருந்திருப்பேனா தெரியாது.

திரும்பி வந்து படித்துத் தெரிந்துகொண்டது இது. பெரும்பாலான டென்ட் துணிக்கு உட்பக்கம் பாலியூரிதேன் பூச்சுதான் தண்ணீரைத் தடுக்கிறது. ஈரமும் சூடும் சேர்ந்து பல மாதம் இருந்தால் தண்ணீரே அந்தப் பூச்சை மூலக்கூறாக உடைத்துவிடும். பிசுபிசுப்பும் புளித்த வாடையும் அதன் அடையாளம். ஆரம்பித்துவிட்டால் பழைய நிலைக்கு வராது. சோப்பு போட்டாலும் வராது. பெட்டியில் 2,000 மி.மீ., 3,000 மி.மீ. என்று தண்ணீர் தாங்கும் அளவு போட்டிருப்பார்களே, அது புதிதாக இருந்தபோது அளந்தது. சிலிக்கோன் பூசிய துணிக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு கிடையாது. எங்களைப் போல வெயிலும் புழுக்கமும் உள்ள ஊரில் பரணில் வைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ‘இருபது வருடமாக என் டென்டுக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று சொல்ல யாராவது வருவீர்கள். நன்றாகக் காயவைத்து, குளிர்ந்த இடத்தில் தளர்வாக வைத்திருந்தால் ஆகாதுதான். தப்பு டென்டின் மேல் என்று நான் எங்கேயும் எழுதவில்லை.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: ஏமாற்றியதே இல்லை என்று நீங்கள் சொல்வது எட்டு வருடத்துக்கு முந்தைய டென்டை. இப்போது பையில் இருப்பது அதேதானா என்று முதலில் பாருங்கள். வெயிலில் விரித்து உட்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள். தையல் பட்டையை நகத்தால் நெருடுங்கள். தரைத் துணியில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, கீழே பழைய பேப்பர் வைத்து, அரைமணி நேரம் அதன் மேல் முட்டி போட்டு உட்காருங்கள். பேப்பர் நனைந்தால் எடைப் பேச்சே வேண்டாம், வேறு வாங்கியே ஆக வேண்டும். நனையவில்லை என்றால்தான் கிராம் கணக்கு.

அந்தக் கணக்கிலும் எல்லாரும் ஒன்றை விடுகிறார்கள். நான் இப்போது வைத்திருப்பது ஒருவர் படுக்கிற நடைக்கோல் டென்ட், முளையோடு சேர்த்து 1,080 கிராம். தனியாகப் போனால் பழையதைவிட 1,770 கிராம் மிச்சம். ஏற்றத்தில் நன்றாகவே தெரியும். ஆனால் நண்பனோடு போகும்போது பழையதைப் பிரித்து ஆளுக்குப் பாதி சுமந்தால் 1,425 கிராம்தான் வந்தது. இப்போது ஆளுக்கொன்று எடுத்துப் போகிறோம்; மிச்சம் வெறும் 345 கிராம். அதற்கு அத்தனை ஆயிரம் செலவழிக்க வேண்டுமா என்பது நீங்கள் யாரோடு நடக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நடைக்கோல் ஊன்றாமல் நடக்கிறவர் என்றால் அதன் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதியதை எடுத்ததும் நேராக மலைக்குக் கொண்டுபோகவில்லை. பணகுடிப் பக்கம் நண்பனுக்கு ஒரு பனைவிளை இருக்கிறது. அந்த வட்டாரம் முழுக்கக் காற்றாலை நட்டிருப்பது சும்மா இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்றில் பனையோலை சடசடவென்று ராத்திரி முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும். அதில் கட்டினேன். முதல் ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் காற்றுப் பக்க முளை பிடுங்கிக்கொண்டது. கூடவே வந்த சின்ன முளைகள் அந்தப் பொரபொரவென்ற செம்மண்ணில் பிடிக்கவில்லை. கோல் சாய்ந்து, துணி முகத்தின் மேல் விழுந்தது. மறுநாள் ஒரு சாண் நீள முளை, அதன் மேல் தலை அளவு கல். அகலப் பக்கத்தைக் காற்றுக்குக் காட்டாமல், கால்மாட்டுக் கூர்முனையைக் காற்றைப் பார்த்துத் தாழ்த்திக் கட்டினேன். கயிறு வீணைத் தந்தி மாதிரி ரீங்காரம் போட்டது, ஆனால் நின்றது. கட்டும்போது என் கை தானாக அப்பா போடுகிற சுருக்கையே போட்டது.

இன்னொன்று, ஒற்றைத் துணி என்றால் விடியற்காலம் மூச்சுக்காற்றே உட்பக்கம் முத்து முத்தாகப் பூத்து நிற்கும். ஆற்றோரப் பள்ளத்தில் போட்டால் மழை இல்லாமலேயே நனைவீர்கள். கொஞ்சம் மேட்டில், மரத்தடியில் போட்டால் குறையும். ஒரு துடைப்புத் துணியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நைலான் துணி என்றால் நனைந்ததும் தொய்யும், படுக்கப் போகும் முன் ஒரு தடவை வெளியே வந்து கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். டைனீமா என்கிற செயற்கை இழைத் துணி தொய்யாது, அரைக் கிலோவுக்குப் பக்கத்தில்கூட வருகிறது. ஆனால் அதன் விலையைப் பார்த்துவிட்டு நான் மூடி வைத்துவிட்டேன்.

பழையதை விற்கவில்லை. விற்றிருந்தால் வாங்குகிறவருக்குத் துரோகம். மழைத்துணியைத்தான் தூக்கிப் போட்டேன். கம்பியும் உள்வலையும் நன்றாக இருக்கின்றன. வெயில் காலத்தில் கரண்ட் போகும் ராத்திரிகளில் அடுத்த வீட்டு ஆச்சி அதைத் தட்டட்டியில் கொசுவலையாகப் போட்டுத் தூங்குகிறாள். கட்டுவதற்கு அவளுக்கு இப்போது நான் தேவையில்லை.

இன்றைக்கே உங்கள் பையை அவிழ்த்துப் பாருங்கள். என்ன வாடை வந்தது என்று கீழே எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு எந்த டென்ட் என்று பேசுவோம்.