பழைய ரிவால்வரை அழகூட்டுவோர் கேட்டவை: சில கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவில் வாழும் நம்மவர் சிலர் பழைய கோல்ட், ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர்களை வாங்கி, கைதேர்ந்த கலைஞர்களிடம் கொடுத்து அவற்றுக்குப் புதுமெருகும் செதுக்கு வேலையும் செய்துகொள்ள விரும்புகின்றனர். அவ்வாறு எழுதிக் கேட்டவர்களின் கேள்விகளை ஊர்ப் பெயருடன் சுருக்கித் தந்து, கீழே பதில் எழுதியிருக்கிறேன். சட்டம் பற்றிய பதில்கள் பொதுவானவை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதால், உங்கள் ஊர்ச் சட்டத்தைத் தனியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

டல்லாஸ்: 1912-இல் செய்யப்பட்ட கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ஒன்று ஏலத்தில் கிடைத்தது. நீலப்பூச்சு (துருவைத் தடுக்க இரும்பின் மேல் ஏற்றும் கருநீல மேற்பூச்சு) பாதிதான் மிஞ்சியிருக்கிறது. முழுவதும் மெருகேற்றி, கொடிச் செதுக்கல் செய்யலாமா?

செய்ய வேண்டாம் என்பதே என் பதில். உங்கள் கையில் இருப்பது, 1873-இல் தொடங்கி இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நின்றுபோன முதல் தலைமுறை உற்பத்தியைச் சேர்ந்தது. அந்தத் தலைமுறையில் தொழிற்சாலைப் பூச்சு பாதியாவது மிஞ்சிய ஒரு துப்பாக்கியைச் சேகரிப்போர் தேடி வாங்குவார்கள். அதையே புதிதாக மெருகேற்றிவிட்டால், வேலை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அவர்கள் கண்ணில் அது "திரும்பப் பூசியது" என்ற ஒரே சொல்லில் மதிப்பிழந்துவிடும். கலைஞருக்குக் கொடுத்த கூலியும் விற்கும்போது திரும்பி வராது.

முதலில் கோல்ட் நிறுவனத்தின் ஆவணப் பிரிவுக்கு எழுதி, வரிசை எண்ணுக்குரிய கடிதத்தைக் கட்டணம் செலுத்திப் பெறுங்கள். எந்த அளவுக் குழல், எந்தப் பூச்சு, எந்த நாளில், யாருக்கு அனுப்பப்பட்டது என்பதைப் பழைய பேரேட்டில் பார்த்துச் சொல்வார்கள். பேரேட்டில் உள்ளபடியே துப்பாக்கியும் இருந்தால் எண்ணெய் தடவி அப்படியே வைத்திருங்கள். குழல் பின்னாளில் வெட்டப்பட்டது, பூச்சு ஏற்கெனவே ஒருமுறை மாற்றப்பட்டது, எழுத்துகள் தேய்ந்தவை என்று தெரியவந்தால், அப்போது அது கலைஞரிடம் போகத் தகுந்த துப்பாக்கி. அழகூட்டும் ஆசைதான் பெரிதென்றால், 1956-க்குப் பின் வந்த தலைமுறைகளில் அடிபட்ட ஒன்றையோ, இத்தாலிய உபெர்ட்டி நகலையோ, 1955 முதல் 1972 வரை வந்த பழைய ரூகர் பிளாக்ஹாக்கையோ வாங்கிக்கொள்ளுங்கள். கைவினைக் கலைஞர்கள் பலர் அந்த ரூகரைத்தான் விரும்பி எடுத்துக்கொள்கிறார்கள்.

ராலே: எல்லா வேலையையும் ஒரே கன்ஸ்மித் (துப்பாக்கிக் கொல்லர்) செய்வாரா, ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக் கொடுக்க வேண்டுமா?

சிறந்த வேலைகள் பெரும்பாலும் பலர் கைபட்டவை. புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, துப்பாக்கிகளைப் பற்றி எழுதிவந்த எல்மர் கீத் 1920-களின் இறுதியில் உருவாக்கிக்கொண்ட ஐந்தாம் எண் ரிவால்வர். கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷனை அடிப்படையாகக் கொண்டு, .44 ஸ்பெஷல் தோட்டாவுக்கு ஏற்ப, ஐந்தரை அங்குலக் குழலுடன் அது செய்யப்பட்டது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹரால்ட் கிராஃப்ட் தம் சோதனைத் துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு ஆரெகனில் இருந்த கீத்தைத் தேடிவர, இருவர் யோசனையும் கலந்து, செட்ஜ்லி, ஹூச்சின்ஸ், ஓமீரா ஆகிய கன்ஸ்மித்களின் கைவேலையால் அது முழுமை பெற்றது. கோல்ட்டின் பிஸ்லி மாதிரியில் கைப்பிடியின் பின்னே ஓடும் பின்புறப் பட்டையையும், சாதாரண மாதிரியில் விசையைச் சுற்றி வளைந்திருக்கும் விசைக் காப்பையும் இணைத்து அமைத்த அதன் கைப்பிடி வடிவத்தை இன்றும் பின்பற்றிச் செய்கிறார்கள்.

பலரிடம் கொடுக்கும்போது வரிசை தவறக் கூடாது. இயக்கப் பழுதுகளைச் சரிசெய்வது முதல் வேலை: தோட்டாக்கள் அமரும் சுழல் உருளையான சிலிண்டர் முன்பின் ஆடுகிறதா, தோட்டாவைத் தட்டும் ஹேமர் முழுதும் பின்னே வரும்போது சிலிண்டர் சரியான இடத்தில் பூட்டுகிறதா, அதன் தோட்டா அறைகள் குழலோடு நேர்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அடுத்து, உலோகம் பூச்சில்லாமல் வெறுமையாக இருக்கும்போதே கைப்பிடிக் கலைஞர் மரத்தையோ கொம்பையோ பொருத்த வேண்டும். உலோகமும் மரமும் ஒரே தளமாக ஓடும்படி இரண்டையும் சேர்த்துத் தேய்ப்பது அப்போதுதான் முடியும். பூச்சுக்குப் பிறகு பொருத்தினால், பூச்சில் கீறல் விழுந்துவிடும் என்ற அச்சத்தில் மரத்தை மட்டும் தேய்க்க, விளிம்பில் ஒரு படி நின்றுவிடும். அதன் பின் மெருகு, அதன் பின் செதுக்கல், கடைசியாகவே கடினமாக்கலும் நீலப்பூச்சும். செதுக்கியதை அடுத்து மீண்டும் மெருகேற்றும் ஒருவரிடம் துப்பாக்கி போய்விட்டால், ஆழமில்லாத கோடுகள் எல்லாம் காணாமல் போகும்.

சான் ஹோசே: மெருகு வேலையைச் சுழலும் துணிச்சக்கரம் வைத்து நானே செய்யலாமா?

செய்யாதீர்கள். பார்வைக்கு எளிதாகத் தோன்றினாலும், ஒரு பழைய ரிவால்வரைக் கெடுக்கும் வேலைகளில் முதலிடம் இதற்குத்தான். துணிச்சக்கரம் மென்மையானது, திருகுத் துளைக்கு மேலே வரும்போது துளைக்குள் சற்று இறங்கி, அதன் விளிம்பை உருட்டிவிடும். பிறகு திருகை முடுக்கினால், அதன் தலை ஒரு சிறு கிண்ணத்தின் நடுவில் உட்கார்ந்ததுபோல் நிற்கும். சட்டகத்தின் (குழலையும் சிலிண்டரையும் தாங்கும் நடு உடலின்) இடப்பக்கத்தில் உள்ள காப்புரிமைத் தேதிகளைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்: நல்ல துப்பாக்கியில் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும், சக்கரம் பட்டதில் எழுத்து ஒரு பக்கமாக இழுபட்டு மங்கியிருக்கும். வேலை தெரிந்தவர் தட்டையான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, பழைய தொழிற்சாலைக் கோடுகள் ஓடிய திசையிலேயே தேய்ப்பார். எந்த இடத்தில் விளிம்பு கூராக நிற்க வேண்டும், எந்த இடத்தில் வளைய வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

இதில் சட்டச் சிக்கலும் உண்டு. வரிசை எண்ணை அழித்த அல்லது மாற்றிய துப்பாக்கியைத் தெரிந்தே வைத்திருப்பது கூட்டரசு (அமெரிக்க மத்திய அரசு) சட்டப்படி குற்றம். எண் இருக்கும் பகுதியைத் தேய்க்காமல் விடச் சொல்லி எழுத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிகாகோ: சட்டகத்தில் தெரியும் அந்த நீலமும் பழுப்பும் கலந்த வண்ணம் சாயமா?

சாயம் அல்ல. எலும்புக் கரியும் மரக்கரியும் நிரம்பிய இரும்புப் பெட்டியில் சட்டகத்தைப் புதைத்து, ஏறத்தாழ 700 முதல் 790 டிகிரி செல்சியஸ் வரை பல மணி நேரம் சூடேற்றி, காற்றுக் குமிழி ஓடும் தண்ணீரில் ஒரே வீச்சில் கவிழ்ப்பார்கள். மேற்பரப்பில் கார்பன் ஏறி இரும்பின் தோல் மட்டும் கடினமாகும்; குளிரும் கணத்தில் படியும் மெல்லிய படலம்தான் அந்த வண்ணம். பெட்டிக்குள் எலும்புக்கரி எங்கே நெருங்கி இருந்தது, தண்ணீர் எந்தப் பக்கம் முதலில் பட்டது என்பதைப் பொறுத்து வண்ணம் அமைவதால், இரண்டு சட்டகங்கள் ஒரேபோல் வருவதில்லை. உலோகம் கோணுவதும் விரிசல் விடுவதும் நடக்கும். அதனால் உட்பகுதிகளுக்கு முட்டுக்கொடுத்துச் சூடேற்றுவார்கள். நியூயார்க் மாநிலத்தின் புளூம்ஃபீல்டில் உள்ள டர்ன்புல் நிறுவனம் இந்த வேலைக்குப் பெயர்பெற்றது. வண்ணம் வெயிலிலும் கைவியர்வையிலும் மங்கும் என்பதால், பலர் அதன்மேல் வார்னிஷ் போன்ற நிறமற்ற லாக்கர் பூசித் தருவார்கள்.

செதுக்கலுக்கு வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ஏற்கெனவே கடினமாக்கிய சட்டகத்தில் சிற்றுளி ஏறாது. அதை முதலில் மென்மையாக்கி, செதுக்கி, மீண்டும் கடினமாக்க வேண்டும். அந்த மீள்வேலைக்கு ஆகும் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் வருபவர்களே அதிகம்.

அட்லாண்டா: ஜெனரல் பேட்டன் வைத்திருந்ததுபோல் தந்தக் கைப்பிடி வேண்டும். கிடைக்குமா?

இரண்டாம் உலகப்போரின் அமெரிக்கத் தளபதியான பேட்டன் தம் கோல்ட்டை 1916-இல் எல் பாசோவில் வாங்கினார். வெள்ளி முலாம், கோல்ட் தொழிற்சாலையின் தலைமைச் செதுக்குநர் கூனோ ஹெல்ஃபிரிக்ட்டின் கைவேலை, தம் பெயரின் முதலெழுத்துகள் பொறித்த தந்தக் கைப்பிடி என்று அது அமைந்தது. அன்று தந்தம் கடையில் விலைக்குக் கிடைத்த பொருள். இன்று நிலைமை வேறு: 2016 ஜூலை முதல், ஆப்பிரிக்க யானைத் தந்தத்தை மாநிலங்களுக்கிடையே விற்பது, நூறாண்டு கடந்த பழம்பொருள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. பழைய தந்தத் துண்டை வாங்கிப் புதுக் கைப்பிடி செய்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் ஆவணம் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் உறைமண்ணிலிருந்து எடுக்கும், மாமத் என்ற அழிந்துபோன யானையினத்தின் தந்தம் கூட்டரசுத் தடையில் இல்லை. ஆனால் நியூயார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா ஆகிய மாநிலங்கள் அதன் விற்பனையையும் தடுத்திருக்கின்றன.

இன்னொரு பழைய விருப்பம் நம் நாட்டுக் கடமான் கொம்பு. ஒரு காலத்தில் அமெரிக்கக் கத்திகளிலும் துப்பாக்கிகளிலும் காணப்பட்ட மான்கொம்புக் கைப்பிடிகள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்த கொம்பில் செய்தவை. ஏற்றுமதியை இந்தியா 1990-களின் இறுதியில் தடைசெய்த பின், பழைய இருப்பே கைமாறுகிறது, விலையும் ஏறிவிட்டது. மரம் போதும் என்றால் கருப்பு அக்ரூட் மரத்தை, அதாவது பிளாக் வால்நட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரமும் அழகானதே. ஆனால் அந்த இன மரங்கள் அனைத்தும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் வந்துவிட்டன என்பதால், ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் யோசனையை விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், நன்கு வரியோடிய வால்நட்டுக்கு முன்னால் முத்துச்சிப்பி ஓட்டுப் பளபளப்பு நிற்காது. முத்துச்சிப்பி ஓடு கீழே விழுந்தால் உடையும், கையில் வழுக்கும்.

ஹூஸ்டன்: பின்புறப் பட்டையில் என் மகளின் பெயரைத் தமிழில் செதுக்க முடியுமா?

முடியும். தமிழ் எழுத்தின் வளைவுகள் கொடிச் செதுக்கலோடு இயல்பாகச் சேரும். ஆனால் செதுக்குபவருக்கு நம் எழுத்து வெறும் கோலம். எது எழுத்தின் உறுப்பு, எது அலங்காரம் என்று அவருக்குத் தெரியாது. கணினி எழுத்துருவை அப்படியே அனுப்பாமல், தடிமன் ஒரே சீராக ஓடும் ஒரு வரைபடத்தைச் செதுக்கப்போகும் உண்மையான அளவிலேயே வரைந்து கொடுங்கள். பட்டை குறுகலானது, அந்த அளவில் மெய்யெழுத்தின் புள்ளி ஒரு சிறு குத்தாகத்தான் விழும், அலங்காரப் பின்னணியின் நிழல்புள்ளிகளோடு கலந்துவிடும். பெயரைச் சுற்றிப் பின்னணிப் புள்ளியிடாமல் வெற்றிடம் விடச் சொல்லுங்கள். முதலில் ஒரு செப்புத் தகட்டில் செதுக்கிப் படம் அனுப்பக் கேளுங்கள். தங்க இழை பதிப்பதாக இருந்தால் பள்ளத்தின் அடிப்பகுதியை இருபுறமும் குடைந்து, 24 காரட் கம்பியை அதில் அடித்து இறுக்குவார்கள். பொற்கொல்லர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல.

செதுக்கலுக்கு எவ்வளவு பரப்பு என்று கேட்பார்கள். ஏ, பி, சி, டி என்பது கால், அரை, முக்கால், முழுப் பரப்பு என்ற பழைய கோல்ட் வழக்கு. முதல் துப்பாக்கிக்கு பி போதும் என்பேன்.

நியூ ஜெர்சி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். இதையெல்லாம் நான் வாங்கலாமா?

முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எச்-1பி போன்ற குடியேற்றமற்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவர் போன்ற சில விலக்குகள் உண்டு. பச்சை அட்டை வைத்திருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. 1898-இலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கி கூட்டரசுச் சட்டத்தின் கண்ணில் பழம்பொருள். ஆனால் மாநிலச் சட்டம் அப்படிப் பார்க்க வேண்டும் என்றில்லை, உங்கள் மாநிலம் கடுமையானது. குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசாமல் நண்பர் வீட்டில் கையில் எடுத்துப் பார்ப்பதைக்கூடத் தவிருங்கள்.

டென்வர்: மாமனார் வைத்திருந்த, போர்க்காலத்தில் பிரிட்டனுக்குப் போய்வந்த ஸ்மித் அண்ட் வெஸன் இருக்கிறது. அதை .38 ஸ்பெஷல் தோட்டாவுக்கு மாற்றலாமா?

யாரேனும் ஏற்கெனவே மாற்றியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அந்தத் துப்பாக்கிக்குரிய பிரிட்டிஷ் தோட்டா .38 ஸ்பெஷலைவிடக் குட்டையாகவும் சற்றுத் தடிமனாகவும் இருக்கும். அதற்கெனச் செய்த அறையை நீட்டிக் குடைந்து .38 ஸ்பெஷலைப் போட்டால், தோட்டாவின் பித்தளைக் கூடு அடிப்பகுதியில் புடைக்கும், சில நேரம் பிளக்கும். மாற்றாத நிலையில் இருந்தால் அப்படியே வைத்திருங்கள். போர்க்கால முத்திரைகள்தான் அதன் மதிப்பு.

சியாட்டில்: வேறு மாநிலத்தில் இருக்கும் கலைஞருக்கு எப்படி அனுப்புவது?

உரிமம் பெற்ற கன்ஸ்மித்துக்குப் பழுதுபார்ப்புக்காக நீங்கள் அனுப்பலாம், அவரும் நேராக உங்களுக்கே திருப்பி அனுப்பலாம் என்று கூட்டரசுச் சட்டம் இடம் தருகிறது. நடைமுறையில் தனியார் அஞ்சல் நிறுவனங்கள் உரிமம் இல்லாதவரிடமிருந்து கைத்துப்பாக்கியைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. உள்ளூர் உரிம வணிகருக்குச் சிறு கட்டணம் கொடுத்து அவர் வழியே அனுப்புவதே தொல்லையில்லாத வழி. செதுக்குபவரும், துப்பாக்கியைத் தம்மிடம் வைத்து வணிகமாக வேலை செய்பவராக இருந்தால், உரிமம் பெற்றிருக்க வேண்டும்.

சட்டத்தின் கணக்கில் துப்பாக்கி என்பது வரிசை எண் உள்ள சட்டகம்தான். சிலிண்டர், பின்புறப் பட்டை, விசைக் காப்பு ஆகியவை உதிரிப் பாகங்கள். பட்டையில் மட்டும் பெயர் செதுக்குவதென்றால் அதைக் கழற்றிச் சாதாரண அஞ்சலில் அனுப்பலாம். கைப்பிடிக் கலைஞருக்கு மட்டும் சட்டகமும் போக வேண்டும், இல்லாவிட்டால் கைப்பிடியின் மேல்விளிம்பு சட்டகத்தோடு இடைவெளி விட்டு நிற்கும்.

அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, செய்ய வேண்டியவற்றோடு செய்யக் கூடாதவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். கழற்றிய பழைய திருகுகள், கைப்பிடி, சுருள்வில் எல்லாம் திரும்ப வர வேண்டும் என்று அதில் இருக்கட்டும். பெயர்பெற்ற கலைஞர்களிடம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவரிடம் போகாதீர்கள்.

கோயம்புத்தூர்: தாத்தாவின் வெப்லி ரிவால்வருக்கு உரிமம் இருக்கிறது. இங்கே தச்சரிடம் கைப்பிடி செய்துகொள்ளலாமா?

கைப்பிடிப் பலகைகளைக் கழற்றி, அவற்றை மட்டும் மாதிரியாகத் தச்சரிடம் காட்டுவதோடு நிறுத்துங்கள். துப்பாக்கியைப் பழுதுபார்க்கக் கொடுப்பதானால், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதற்கென உரிமம் பெற்ற வணிகரிடம் மட்டுமே கொடுக்கலாம். குழலைக் குறைப்பதற்கும் தனி உரிமம் வேண்டும் என்பதால், அந்தப் பேச்சே வேண்டாம். வேலை தொடங்கும் முன், உரிமப் புத்தகத்தில் உள்ள எண்ணும் சட்டகத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று வணிகர் முன்னிலையிலேயே சரிபார்த்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.