பேராசிரியருக்கும் பயிற்சி வேண்டுமா?

கேள்வி: நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) தேறி, பிஎச்.டி. முடித்தவருக்குக் கற்பித்தல் பயிற்சி எதற்கு என்கிறார் எங்கள் துறைத் தலைவர். சரிதானா ஐயா? – உதவிப் பேராசிரியை, தஞ்சாவூர்

பதில்: இல்லை அம்மா. அவை பாட அறிவுக்குத்தான் சான்று. 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கற்பித்தல் பயிற்சிக்கென்றே மையங்கள் தொடங்கியது; இன்று அவற்றின் பெயர் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள். பதவி உயர்வுக்கான சான்றிதழாக மட்டுமே பலர் இதைப் பார்ப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

பயிற்சி ஏன் தேவை என்பது புரிய, சக ஆசிரியர்கள் முன் பத்து நிமிடம் பாடம் நடத்தி, அதை வீடியோவில் பாருங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கரும்பலகைப் பக்கம் திரும்புவது அப்படியே தெரியும். மூன்று விநாடி பொறுத்தால் கடைசி பெஞ்சும் வாய் திறக்கும். பயிற்சிக்குப் போகும்போது, மாணவர்கள் அதிகம் திணறும் பாடத்தையே எடுத்துப் போங்கள்.