விண்கல மெக்கானிசம் வடிவமைப்பை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

கேட்டவர் மெக்கானிக்கல் படித்தவர், கணினியில் பாகங்களை வரையும் CAD மென்பொருள் நன்றாக வரும், மோட்டாரில் தொடங்கவா கியரில் தொடங்கவா என்று கேட்டிருக்கிறார். இரண்டிலும் வேண்டாம். உராய்வில் தொடங்குங்கள்.

விண்கலத்தில் பல மெக்கானிசங்களின், அதாவது விரியும், திறக்கும், அசையும் அமைப்புகளின், வேலை விசித்திரமானது. மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் மடங்கிக் கிடக்கும். ராக்கெட்டில் ஏறி உலுக்கலை வாங்கும். பிறகு ஒரே ஒரு முறை திறக்க வேண்டும். திறக்காவிட்டால் போய்த் தட்டிவிட ஆள் கிடையாது. அதனால் 'எப்படி நகர்த்துவது' என்பதைவிட 'எதெல்லாம் நகரவிடாமல் பிடிக்கும்' என்பதுதான் இங்கே பாடம்.

நான் இதைக் கற்றது ஒரு அசட்டுத் தவறில். சோலார் பேனலுக்கு ஸ்பிரிங் வைத்த கீல் ஒன்றை வடிவமைத்தேன். பேரிங் உராய்வு 0.05 நியூட்டன்-மீட்டர், ஸ்பிரிங் தருவது 0.6. பன்னிரண்டு மடங்கு இருக்கிறதே என்று பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். மூத்த பொறியாளர் படத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி, அந்த ஒயரை யார் வளைப்பா?" என்றார்.

பேனலிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் ஒயர் கட்டு கீலைத் தாண்டித்தான் வரும். அதைக் குளிர்பெட்டியில் வைத்து அளந்தபோது, வளைக்கவே 0.2 தேவைப்பட்டது. அறை வெப்பநிலையில் அது குழைவாக இருந்ததால் எனக்கு உறைக்கவே இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஐரோப்பிய விண்வெளித் தரநிலைப்படி, அளந்து உறுதி செய்யாத உராய்வையும் ஒயர் எதிர்ப்பையும் 3 ஆல் பெருக்கி, கூட்டி, மொத்தத்தை மறுபடி 2 ஆல் பெருக்க வேண்டும். உராய்வு 0.05, ஒயர் 0.2, ஆக 0.25 என்பது 1.5 ஆகிவிடும். மோசமான நிலையில் அளந்து காட்டினால் 3ஐ 1.5 வரை குறைக்கலாம். அப்போதும் 0.75 வேண்டும். என் 0.6 எந்த வழியிலும் தேறவில்லை.

சரி, பெரிய ஸ்பிரிங் போட்டுவிடலாம் என்று தோன்றும். போட்டால் அடுத்த வம்பு. செலவாகாமல் மிஞ்சும் ஆற்றல் முழுவதும் கடைசியில், திறந்த பேனலைப் பூட்டி நிறுத்தும் லாட்ச்சில் போய் இடிக்கும். அந்த அடியைத் தணிக்க டேம்பர் வைத்தால், அதற்குள் இருக்கும் எண்ணெய் குளிரில் கெட்டியாகும். எதிர்ப்புப் பட்டியலில் இன்னொரு வரி கூடும். இந்தச் சுற்றில் நாலைந்து முறை அலைந்தால்தான் இந்தத் துறை கைக்குப் பிடிபடும்.

உராய்வு என்றாலே அடுத்தது மசகு. சாதாரண கிரீஸ் வெற்றிடத்தில் ஆவியாகி, பக்கத்து லென்ஸில் போய்ப் படியும். பென்சில் கிராஃபைட் வழுக்குவதற்குக் காற்றிலுள்ள ஈரம் வேண்டும், வெற்றிடத்தில் அதுவே தேய்க்கத் தொடங்கிவிடும். மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற உலர் மசகுப் பூச்சு நேர்மாறு. வெற்றிடத்தில் அருமையாக வழுக்கும், ஈரக்காற்றில் சீக்கிரம் தேயும். ஆக, தரையில் செய்யும் சோதனையே பூச்சைத் தின்றுவிடக்கூடும்.

கலிலியோ விண்கலத்துக்கு நடந்ததும் இந்த வகைதான். 1989இல் கிளம்பி வியாழனுக்குப் போன கலம். குடைபோல விரிய வேண்டிய பெரிய ஆன்டெனாவை 1991 ஏப்ரலில் திறக்கப் பார்த்தார்கள். 18 கம்பிகளில் சில பிடியை விடவில்லை, மோட்டார் திணறி நின்றுவிட்டது. 1986இல் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்த விபத்தால் பயணம் தள்ளிப்போய், கலம் கலிஃபோர்னியாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் லாரியில் அலைந்தது. அந்த அதிர்வில், கம்பிகளைப் பிடித்திருந்த ஊசிகளின் மேலிருந்த உலர் மசகு தேய்ந்துபோய், உலோகம் உலோகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கலாம் என்பதுதான் பின்னால் சொல்லப்பட்ட விளக்கம். விநாடிக்கு 134 கிலோபிட் அனுப்ப வேண்டிய கலம், சின்ன ஆன்டெனா வழியாக அதிகபட்சம் 160 பிட் அனுப்பி வேலையை முடித்தது. லாரிப் பயணத்தை யாரும் மெக்கானிசத்தின் ஆயுள் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள். எனக்கு ஒயர் கட்டு மாதிரி, அவர்களுக்கு லாரி.

வியாழனுக்குப் போகும் ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலத்தின் 16 மீட்டர் ரேடார் ஆன்டெனா 2023இல் சிக்கியபோது முடிவு நல்லதாக அமைந்தது. சிக்கியதற்குக் காரணம் ஒரு சின்ன ஊசி. வெயில் பக்கம் திருப்பிச் சூடேற்றினார்கள், கலத்தையே உலுக்கினார்கள். கடைசியில், பக்கத்தில் இருந்த இன்னொரு விடுவிப்புக் கருவியை இயக்கி, அந்த அதிர்ச்சியில் ஊசியை நகர்த்தினார்கள்.

இதுபோன்ற கதைகள் 1966 முதல் நடக்கும் ஏரோஸ்பேஸ் மெக்கானிசம்ஸ் சிம்போசியம் என்ற கருத்தரங்கின் கட்டுரைகளில் நிறைய உண்டு. நாசாவின் தொழில்நுட்ப அறிக்கைத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். வெற்றிக் கட்டுரைகளை அப்புறம் படிக்கலாம். தலைப்பில் 'கோளாறு' 'கற்ற பாடம்' என்று வருவதை முதலில் எடுங்கள். படிக்கும்போது பாதியில் நிறுத்தி, எதிர்ப்புப் பட்டியலில் எந்த வரி விடுபட்டது என்று நீங்களே யூகித்துப் பாருங்கள்.

கையால் செய்ய ஆசை இருந்தால் ஒரு கீல், ஒரு ஸ்பிரிங், அதைத் தாண்டிப் போகும் ஒரு தடித்த ஒயர் போதும். ஸ்பிரிங் தராசால் அறை வெப்பநிலையில் ஒருமுறை இழுத்து அளந்துவிட்டு, இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்து, வெளியே எடுத்த கையோடு மறுபடி அளங்கள்.