மசீராவில் அடிக்கும் சோளகம்

அன்புள்ள அண்ணா,

ஊர் பருத்தித்துறை, இப்போது மஸ்கட்டில் வேலை. லீவில் வரும்போதெல்லாம் அறுகம்பைக்குப் போய் அலைச்சறுக்குப் பழகினேன். ஜூலையில் நான்கு நாள் லீவு இருக்கிறது. நண்பர்கள் இருவரோடு ஓமானின் மசீரா தீவுக்குப் போய், கரையில் கூடாரம் அடித்துச் சறுக்க யோசனை. பாலைவனக் கரை என்பதால் வெயிலுக்குத்தான் பயம். என்ன கொண்டுபோகலாம்?
கி.

அன்புள்ள கி.,

கடிதம் கண்டு சந்தோஷம். நம் வடகரையில் முருகைக்கல் (பவளப்பாறை) பார்கள் அலையை வெளியிலேயே உடைத்துவிடுவதால் இந்த விளையாட்டுக்கு யாழ்ப்பாணத்தில் ஆள் குறைவு.

வெயிலுக்கு முன் காற்றைப் பாருங்கள். வைகாசியில் நம் பனைகளை உலுப்பத் தொடங்கும் அதே சோளகம்தான், அதாவது தென்மேற்குப் பருவக்காற்றுத்தான், அங்கேயும் அலை கொண்டுவருவது. ஆனால் அரபிக் கடலில் அதன் வேகம் வேறு. ஜூலையில் மணலை வாரி முகத்தில் அடிக்கும். பட்டம் கட்டிச் சறுக்குகிறவர்கள் அந்த மாதங்களைத் தேடிப் போவது அதனால்தான். வெறும் பலகையோடு போகிற உங்களுக்கு மே தொடக்கமோ செப்டெம்பர் கடைசியோ நல்லது. லீவை மாற்ற முடியுமா என்று கட்டாயம் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், அந்தக் கடல் குளிரும். சோளகம் மேல்தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போக, அடித்தண்ணீர் மேலே வரும். நம் கடல் 28, 29 பாகை என்றால் அங்கே ஜூலையில் 24க்கும் கீழே போகும். மெல்லிய வெட்சூட் (குளிர் தாங்க உடம்போடு ஒட்டிப் போடும் ரப்பர் உடை) ஒன்று தேவை. உடம்பு குளிர்ந்திருப்பதால் வெயில் சுடுவதும் தெரியாது, தாகமும் தெரியாது. எனக்குப் பயம் அதுதான். குடிக்க மட்டும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 6 லீற்றர் வையுங்கள். வண்டி பழுதாகி ஒரு நாள் கூடலாம் என்று ஐந்து நாளுக்குப் பார்த்தால், மூன்று பேருக்கு 90 லீற்றர். சமையலுக்கு வேறு. ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்) பக்கெற்றுகளும் எடுத்துப் போங்கள்.

பலகையைக் காருக்குள் விடவே வேண்டாம். ஒருமுறை பொத்துவிலில் பலகையைப் பூட்டிய வானுக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால், கால் வழுக்காமல் பலகையில் பூசிய மெழுகு நெய்யாக உருகிச் சீற்றில் வழிந்திருந்தது. பலகையின் அடிப்பக்கம் ஒரு கையகலத்துக்கு அப்பளம்போலப் பொங்கியிருந்தது. விரலால் அமத்தினால் உள்ளே போய்த் திரும்ப மேலே வந்தது. அது பொத்துவில் வெயிலுக்கே. நீங்கள் பலகையை வெள்ளைத் துணியில் சுற்றி நிழலில் வையுங்கள்.

தீவுக்குப் படகு ஷன்னாவிலிருந்து. அந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க உப்புத் தரை. மேலே காய்ந்து கெட்டியாகத் தெரியும், அடியில் சேறு. தார் ரோட்டை விட்டு இறங்காதீர்கள். மசீராக் கரை பெருந்தலைக் கடலாமைகள் பெருந்தொகையாக முட்டையிட வரும் இடம், ஜூலையிலும் வரும். கூடாரத்தை மணலிலிருந்து நன்றாகத் தள்ளிப் போடுங்கள், இரவில் கடலைப் பார்த்து லைற் அடிக்க வேண்டாம்.

மூன்று பேரும் ஒன்றாகத் தண்ணீருக்குள் இறங்காதீர்கள், தம்பி. அறுகம்பையில் கையைத் தூக்கினால் பலகையோடு நாலு பேர் வருவார்கள். அங்கே கரையில் நிற்கிற உங்கள் நண்பர் ஒருவர்தான்.

லீவு மாறினால் எழுதுங்கள்.