நான்கு வருடம் மரத்தோடு இருந்தவருக்குச் சான்றிதழ் எதற்கு?

கேள்வி: எனக்குப் புதுக்கோட்டைப் பக்கம். சிங்கப்பூரில் தோட்டப் பராமரிப்பு கம்பெனியில் ஆறு வருடமாக இருக்கிறேன். முதல் இரண்டு வருடம் புல் வெட்டினேன், அப்புறம் மரம் கவாத்து செய்யும் டீமுக்கு மாற்றினார்கள். 'சர்டிஃபைடு ஆர்பரிஸ்ட்', அதாவது சான்றிதழ் பெற்ற மரப் பராமரிப்பாளர் தேர்வு எழுதச் சொல்லி சூப்பர்வைசர் வற்புறுத்துகிறார். கட்டணம், புத்தகம் எல்லாம் சேர்ந்தால் என் சம்பளத்துக்குப் பெரிய செலவு. வேலைதான் கையில் இருக்கிறதே, அந்தக் காகிதத்தால் என்ன பிரயோஜனம் அண்ணே?

பதில்: எழுதுங்கள் தம்பி. சம்பளம் கூடுமா என்பது உங்கள் கம்பெனியைப் பொறுத்தது. அதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். நான் எழுதச் சொல்வது வேறு காரணத்துக்காக.

கொத்தனார் எழுப்பிய சுவர் கோணலாக இருந்தால் அன்று சாயங்காலமே தூக்குக்குண்டு காட்டிக் கொடுத்துவிடும். நம் வேலையில் அந்த வசதி இல்லை. தப்பாக வெட்டிய மரமும் அன்றைக்குப் பார்க்க அழகாகவே இருக்கும். கெடுதல் தெரிய ஐந்து வருடமோ பத்து வருடமோ ஆகும். அதற்குள் நாம் வேறு சாலைக்குப் போயிருப்போம். எத்தனை வருடம் வேலை பார்த்தாலும், செய்தது தப்பு என்று நமக்கு வந்து சொல்ல ஆள் கிடையாது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கிளையைத் தண்டோடு ஒட்ட வழித்து வெட்டுவதுதான் சுத்தமான வேலை என்று சொல்லிக் கொடுத்தார்கள். வெட்டிய இடத்தில் கறுப்புப் பெயின்டும் அடிப்போம். தடவிப் பார்த்தால் மேடு பள்ளமே தெரியாது, அதில் எனக்கு அவ்வளவு பெருமை. பல வருடம் கழித்து அதே தூங்குமூஞ்சி மரங்களைப் பார்க்கப் போனேன். நான் வெட்டிய ஓர் இடத்தில் கையை விட்டேன், மணிக்கட்டு வரை உள்ளே போனது. விரலோடு ஈரமான தூள் வந்தது. அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

கிளை தண்டோடு சேரும் இடத்தில் லேசாகப் புடைத்திருக்கும், கவனித்திருப்பீர்கள். அதைக் கிளையின் கழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து தண்டைச் சேர்ந்தது, கிளையைச் சேர்ந்தது அல்ல. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷிகோ என்ற விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்து உள்ளே பார்த்தவர். நம் தோலில் புண் ஆறுவதுபோல மரத்தில் ஆறாது, காயம் பட்ட பகுதியை மரம் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு அதற்கு வெளியே புதிதாக வளர்கிறது என்று 1970களில் அவர் விளக்கினார். கிளை வழியாக வரும் அழுகலைத் தடுக்கும் முக்கியமான சுவர் அந்தக் கழுத்துக்குள்தான் இருக்கிறது. ஒட்ட வழித்து வெட்டினால் சுவரையே எடுத்துவிடுகிறோம். பெயின்டு அழுகலைத் தடுக்காது, ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கவும் கூடும்.

கனமான கிளையை மூன்று வெட்டில் இறக்குவதும் இதற்காகத்தான். தண்டிலிருந்து ஓர் அடி தள்ளி அடிப்பக்கம் கொஞ்சம் வெட்டுவது முதல் வெட்டு. அதற்கும் சற்று வெளியே மேலிருந்து வெட்டிக் கிளையை விழவிடுவது இரண்டாவது. மிச்சமிருக்கும் கட்டையைக் கழுத்தை ஒட்டி, கழுத்தைத் தொடாமல் எடுப்பது மூன்றாவது. முதல் வெட்டை விட்டுவிட்டால் கிளை விழும்போது தண்டின் பட்டையையும் கீழ்வரை உரித்துக்கொண்டு போகும். மூன்று வெட்டு உங்களுக்கும் பழக்கமாகத்தான் இருக்கும். ஏன் என்று தெரிந்தால்தான், அவசரப்படுத்தும்போதும் முதல் வெட்டை விடமாட்டீர்கள்.

மொட்டையடிப்பதும் அப்படித்தான். உச்சியை வெட்டிவிட்டால் பாதுகாப்பு என்று வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். வெட்டிய இடத்திலிருந்து கொத்தாகக் கிளம்பும் கிளைகளுக்கு உள்ளே பிடிமானம் இருக்காது. வேகமாக நீளும், கனக்கும், பலத்த காற்றில் பிய்த்துக்கொண்டு வரும். "செய்ய மாட்டேன், காரணம் இது" என்று வாடிக்கையாளரிடம் நிதானமாகச் சொல்ல ஒரு பலம் வேண்டும். படிப்பு அதைத் தரும்.

இனி தேர்வு விவரம். சர்வதேச மரவளர்ப்புச் சங்கம் நடத்துவது இது. சங்கம் 1924-லிருந்து இருக்கிறது. பட்டப்படிப்பு இல்லாதவருக்கு மரப் பராமரிப்பில் மூன்று வருட முழுநேர அனுபவம் வேண்டும். புல் வெட்டிய காலம் கணக்கில் வராது, ஆனால் கவாத்து டீமில் இருந்த நான்கு வருடம் உங்களுக்குப் போதும். 200 கேள்விகள், விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். மூன்றரை மணி நேரம். மண், வேர், நடவு, நோய், கவாத்து, பாதுகாப்பு எல்லாம் வரும். தமிழில் கிடையாது. கட்டுரை எழுத வேண்டியதில்லை என்பதால் ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தால் சமாளிக்கலாம். தினமும் பத்து வார்த்தை, அதை அன்று வேலை செய்யும் மரத்திலேயே தொட்டுப் பார்த்துப் படியுங்கள். பாஸ் செய்ததோடு முடிவதில்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குள் 30 தொடர்கல்விப் புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் வேலைவாய்ப்பிலும் இதற்கு மதிப்பு உண்டு. மரப் பாதுகாப்புப் பகுதிகளிலும் காலி நிலத்திலும் ஒரு மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை அனுமதியின்றி வெட்ட முடியாது. கட்டட வேலைக்காகப் பெரிய மரத்தை எடுக்க வேண்டும் என்றால் சான்றிதழ் பெற்ற ஆர்பரிஸ்டின் அறிக்கை கேட்பதுண்டு. ஊருக்குத் திரும்பினால் இதை யாரும் கட்டாயமாகக் கேட்கப் போவதில்லை. ஆனால் 2018-ல் கஜா புயல் உங்கள் மாவட்டத்தை என்ன செய்தது என்று நீங்களே அறிவீர்கள். மரம் தெரிந்த ஆள் அங்கேயும் தேவை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் இருந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடாது. 2017 பிப்ரவரியில் சிங்கப்பூர் பூமலையில், அதாவது தாவரவியல் பூங்காவில், சுமார் 270 வயதுள்ள தெம்புசு மரம் ஒன்று விழுந்து ஒரு பெண் இறந்துபோனார். சில மாதங்களுக்கு முன்புதான் அதைச் சோதித்திருந்தார்கள். வெளியே தெரியாத அழுகலும் இருக்கிறது. இந்தத் தேர்வு அறிவைத்தான் சோதிக்கிறது, மரம் ஏறும் திறமையை அல்ல. ஏறுபவருக்குச் செய்முறைத் தேர்வு தனி, மரத்தின் ஆபத்தை மதிப்பிடுவதற்கும் தனித் தகுதி உண்டு. இதை முடித்துவிட்டு அந்தப் பக்கம் போகலாம்.

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு காரியம். கவாத்து டீமில் சேர்ந்த தேதி, செய்த வேலைகள் எல்லாம் போட்டுக் கம்பெனியிடம் இப்போதே ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள், கம்பெனி மாறிவிட்டால் கிடைப்பது கஷ்டம். அப்புறம், நாளைக்கு டிபன் நேரத்தில் பக்கத்து மரத்தில் பழைய வெட்டுகளைப் பாருங்கள். வெட்டைச் சுற்றிப் புதுப்பட்டை உளுந்துவடை மாதிரி வட்டமாக மூடிக்கொண்டு வந்தால் வெட்டியவர் கழுத்தை விட்டு வெட்டியிருக்கிறார். இரண்டு பக்கம் மட்டும் தடித்து, மேலும் கீழும் திறந்து கிடந்தால் கழுத்து போய்விட்டது. பத்து மரம் பார்த்து எண்ணிக்கையை எனக்கு எழுதுங்கள்.