படகிலேயே குடியிருக்கும் தம்பதிகள், பயணம் இல்லாத நாட்களில் என்ன செய்வார்கள்?

பெரும்பாலும் காற்றுக்காகக் காத்திருப்பார்கள். அதற்கிடையில் வீட்டுவேலை.

அமெரிக்காவின் ஃபுளோரிடா கரையிலிருந்து பஹாமாஸின் பிமினி தீவுக்குப் போகும் பாய்மரப் படகுகளையே எடுத்துக்கொள்வோம். தூரம் சுமார் 50 கடல் மைல்தான். ஆனால் நடுவே வளைகுடா நீரோட்டம் (Gulf Stream) என்ற வலிமையான கடல் நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. வாடைக்காற்று அதை எதிர்த்து அடித்தால் அலைகள் சுவர்போல எழும்பும். அதனால் காற்று திசை மாறும்வரை மயாமியை ஒட்டிய பிஸ்கேன் விரிகுடாவில் நங்கூரம் போட்டுக் கிடப்பார்கள், சில சமயம் வாரக்கணக்கில்.

அந்த நாட்களில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது தண்ணீர். பெரும்பாலான படகுகளில் தொட்டியின் கொள்ளளவே சில நூறு லிட்டர்தான். பாத்திரத்தைக் கடல்நீரில் தேய்த்துக் கழுவிவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். பல படகுகளில் காலால் பம்பை மிதித்தால்தான் குழாயில் தண்ணீர் வரும். மறந்து திறந்துவிடும் பேச்சே இல்லை. மின்சாரம் சோலார் பலகையிலிருந்து. துணி துவைக்க, காய்கறி வாங்க ரப்பர் படகில் கரைக்குப் போக வேண்டும்.

இரவில்தான் உண்மையான சோதனை. ஆழத்தைப்போல ஐந்து முதல் ஏழு மடங்கு நீளத்துக்குச் சங்கிலி விட்டிருந்தாலும், காற்று திரும்பினால் நங்கூரம் பிடி விடலாம். படகு இடம் நகர்ந்ததாகப் போனில் அலாரம் அடித்ததும் ஒருவர் படகின் முகப்புக்கு ஓடுவார், மற்றவர் இன்ஜினைப் போடுவார். அந்தச் சத்தத்தில் பேச்சு கேட்காது; 'முன்னே', 'பின்னே', 'நிறுத்து' எல்லாமே முன்கூட்டிப் பேசிவைத்த கைச்சைகைதான். இருவரும் ஒருவரையொருவர் எவ்வளவு நம்புகிறார்கள் என்பது எனக்கு அங்கேதான் தெரிகிறது.